இண்டஸ்ட்ரியல் ரொக்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடி, வாழைச்சேனை, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று பல பக்கங்களிலும் கிற்றாரும் லப்டொப்பும் வைத்திருக்கிற பிள்ளைகள், அவர்களுக்கு சவுண்ட் போடுகிறவர்கள், சில வேளை அவர்களுடைய வீட்டார் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்ப்பேச்சிலேயே இங்கே சேர்த்திருக்கிறோம். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லவில்லை. கேள்வி இலக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. இண்டஸ்ட்ரியல் ரொக் எண்டா என்ன? மெட்டலும் இதுவும் ஒண்டுதானே?

ஒன்றல்ல. மெட்டலில் கிற்றார் முன்னால் போகும், ட்ரம்ஸ் அதைத் தாங்கும். இண்டஸ்ட்ரியல் ரொக்கில் முதலில் வருவது இயந்திரத் தாளம்: ட்ரம் மெஷின், சீக்குவென்சர் (போட்டுவைத்த அடிகளை வரிசையாகத் தானே ஓட்டுவது), சாம்பிளர் (பதிந்த ஓசைகளை வாசிப்பது), இரும்பிலும் தகரத்திலும் எடுத்த ஓசைகள். டிஸ்டோர்ஷன் (சத்தத்தைக் கரகரப்பாக்குவது) போட்ட கிற்றாரும் குரலும் அதன்மேல்தான் ஏறும். தாளம் கொஞ்சமும் நெகிழாது. அந்த விறைப்பே இதன் சுவை. பெரும்பாலும் நாலடித் தாளம், நிமிடத்துக்கு 90 முதல் 130 அடி.

சந்தேகமாக இருந்தால் கிற்றாரை மியூட் பண்ணிப் பாருங்கள். மிச்சம் தனியே நின்று காலை ஆட்ட வைத்தால் இண்டஸ்ட்ரியல். வெறும் கூடாகிப் போனால் நீங்கள் செய்தது மெட்டல்தான், அதிலும் குற்றமில்லை.

2. இதை ஆரு தொடங்கின? பெரிய பெக்டரி இரிக்கிற ஊரிலதான் வந்ததா?

பெயர் வந்தது இங்கிலாந்திலிருந்து. த்ரொபிங் கிறிசில் என்ற குழு 1975இல் உருவானது. அடுத்த வருடம் அவர்கள் தொடங்கிய லேபிளின் (இசையை வெளியிடும் கம்பனியின்) பெயர் 'இண்டஸ்ட்ரியல் ரெக்கோர்ட்ஸ்'. அந்தப் பெயரே இசைக்கும் ஒட்டிக்கொண்டது. உருக்கு நகரமான ஷெஃபீல்டில் கபரே வோல்டேர் 1973 முதலே டேப்பை வெட்டி ஒட்டி வேலை செய்தது. மேற்கு பெர்லினில் ஐன்ஸ்ட்யுர்ட்சென்டே நொய்பவுட்டன், அன்றைய யுகோஸ்லாவியாவின் சுரங்க ஊரான ட்ர்போவ்லியேயில் லைபாக், இரண்டும் 1980இல் பிறந்தவை.

இதை ரொக் ஆக்கியது அமெரிக்கா. சிகாகோவின் மினிஸ்ட்ரி 1983இல் போட்ட முதல் அல்பம் மென்மையான சிந்த் பொப் (சிந்தசைசரில் செய்த பொப் இசை). 1988க்குப் பிறகுதான் கிற்றார் முன்னுக்கு வந்தது. கிளீவ்லண்டில் ட்ரென்ட் ரெஸ்னர் 1988இல் தொடங்கிய நைன் இஞ்ச் நெய்ல்ஸ் இதைப் பெரிய மேடைக்குக் கொண்டுபோனது.

ஆகவே ஆலை கட்டாயமில்லை. தேடினால் நம் பக்கமும் வெறுமை இல்லை: வாழைச்சேனைக் காகித ஆலை, ஹிங்குரானைச் சீனி ஆலை, சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலைகள், மருதமுனைத் தறிகள். ஒரு கைத்தறியின் ஓட்டத்தை இரண்டு நிமிடம் பதிந்து, அடிக்கும் சத்தத்தில் ஒரே சீராக இருக்கும் நாலு அடியை வெட்டி வளையம் போட்டுப் பாருங்கள். நாடா ஓடுகிற சரசரப்பு, பலகை வந்து இடிக்கிற கனம், நடுவில் மிதிகட்டையின் முனகல் என்று மூன்று வாத்தியம் அதற்குள்ளேயே இருக்கும்.

3. கையில பெரிசா காசில்ல. குறைஞ்சது என்னென்ன வேணும்?

8 ஜீபீ ரம் உள்ள லப்டொப் ஒன்று, இரண்டு இன்புட் உள்ள ஒடியோ இன்டர்பேஸ் (கிற்றாரையும் மைக்கையும் லப்டொப்போடு இணைக்கும் பெட்டி) ஒன்று, சாதாரண டைனமிக் மைக் ஒன்று, ஒரு கிற்றார், மூடிய ஹெட்போன். அவ்வளவுதான். கிற்றார் அம்ப் வாங்கக் காசைக் கரைக்க வேண்டாம். லப்டொப்புக்குள் ஓடும் இலவச அம்ப் சிமுலேற்றர்கள் இந்த இசைக்குத் தாராளம். குளிர்ந்த, கீறுகிற டிஸ்டோர்ஷன்தான் இங்கே தேவை. ரீப்பர் என்ற பதிவு சொஃப்ட்வெயரை 60 நாள் முழுமையாகப் பாவித்துப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 அமெரிக்க டொலர். களவுக் கொப்பி போட்டு வைரஸில் முழு வேலையையும் இழப்பதைவிட இது மலிவு.

சொஃப்ட்வெயரில் பஃபரை (லப்டொப் ஒரு தரத்தில் கையாளும் சத்தத் துண்டின் அளவை) 128 சாம்பிளில் வையுங்கள். வெடிப்புச் சத்தம் வந்தால் 256. அதற்குமேல் போனால் நீங்கள் தட்டுவதற்கும் காதில் விழுவதற்கும் இடையில் பிசகு தெரியத் தொடங்கும். மிக்ஸ் பண்ணும்போது மட்டும் 1024க்கு ஏற்றலாம்.

ரெஸ்னரின் முதல் டெமோக்கள் அவர் கூட்டித் துடைத்து எடுபிடி வேலை செய்த ஸ்ரூடியோவில், ஆள் இல்லாத நேரங்களில் பதிவானவை. பெரும்பாலான வாத்தியத்தை அவரே வாசித்தார். பெர்லினின் நொய்பவுட்டன் குழு இரும்பைத் தட்டத் தொடங்கியதற்கு முறையான ட்ரம் செட் கையில் இல்லாததும் ஒரு காரணம்.

4. எங்களிட்ட ட்ரமர் இல்ல. ரெண்டே ரெண்டு பேர். ஏலுமா?

ஏலும். பேர்மிங்ஹாமின் கொட்ஃபிளெஷ் 1988இல் அப்படித்தான் தொடங்கியது: ஒருவர் கிற்றாரும் குரலும், ஒருவர் பேஸ், மூன்றாவது 'ஆள்' ஒரு ட்ரம் மெஷின். அவர்களுடைய கனம் வேகத்தால் வந்ததல்ல. மெதுவான தாளத்தில் பேஸும் கிக்கும் ஒரே இடத்தில் விழுவதால் வந்தது.

மேடைக்கு இப்படிச் செய்யுங்கள். பாட்டின் இயந்திரப் பகுதியை ஸ்டீரியோ ஃபைலாக எடுங்கள்: இடது பக்கம் கிளிக் (தாளம் எண்ணும் 'டிக்' சத்தம்) மட்டும், வலது பக்கம் ட்ரம்ஸும் சிந்தும் மோனோவாக. வலதை டீஐ பொக்ஸ் (சத்தத்தை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டி) வழியாக மிக்ஸருக்குக் கொடுங்கள், இடது உங்கள் காதுக்கு. ஒவ்வொரு பாட்டின் முன்னாலும் எட்டு அடி கிளிக் விடுங்கள். போனிலிருந்து ஓட்டுவதானால் ஃபிளைட் மோட் போடாமல் மேடை ஏறாதீர்கள். பாட்டின் நடுவில் கோல் வந்தால் ரிங்டோன் முழுப் பொக்ஸிலும் கேட்கும். கேபிளை இடம் வலம் மாற்றிக் குத்தினால் சனம் கிளிக்கைக் கேட்கும், நீங்கள் ட்ரம்ஸைக் கேட்பீர்கள். கேபிளில் சிவப்பு ரேப் ஒட்டிவிட்டால் இந்தப் பிரச்சினை வராது.

5. எந்த இரும்பு நல்லாக் கேக்கும்? எங்க எடுக்கலாம்? எப்படித் தொங்க விடுற?

கராஜிலும் பழைய இரும்புக் கடையிலும் கிலோக் கணக்கில் கிடைக்கும். லொறியின் பிரேக் ட்ரம் மணி போல நீளமாக ஒலிக்கும். ஸ்பிரிங் பட்டை கூர்மையாகக் குத்தும். ஜீஐ குழாயில் சுருதி பிடிக்கலாம். கூரைத் தகரத்தை இரண்டு கயிற்றில் தொங்கவிட்டு உலுக்கினால் இடி. 200 லீற்றர் பரல் கிக்குக்கு ஆகும்: ஒரு பக்கம் திறந்ததைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தைத் துணி சுற்றிய தடியால் அடித்து, மைக்கைத் திறந்த வாய்க்குள் வையுங்கள். வாங்கும்போது பற்றுச்சீட்டு எடுங்கள். ரெயில்வே இரும்பு, மின்சார சபைச் சாமான், வீதிக் கான் மூடி எதையும் மலிவென்று தொடவேண்டாம்; களவுச் சாமான் வைத்திருந்ததாகப் பொலிஸில் நிற்க வேண்டி வரும்.

குழாயைக் கட்டும் இடம்தான் எல்லாம். நடுவில் கட்டினால் 'டக்' என்று செத்த சத்தம். முனையில் கட்டினாலும் அப்படியே. இரு முனையிலிருந்தும் நீளத்தின் 22.4 வீதத்தில் அதிர்வு இல்லாத புள்ளி இருக்கிறது. 1 மீற்றர்க் குழாய்க்கு 22.4 சென்ரிமீற்றர். அங்கே நைலோன் கயிறு போட்டுத் தொங்கவிட்டு நடுவில் அடியுங்கள், முழு ஓசையும் வரும். சுருதி நீளத்தின் வர்க்கத்துக்கு எதிராக மாறும்: அதே குழாயைப் பாதியாக வெட்டினால் ஒரு ஸ்தாயி அல்ல, இரண்டு ஸ்தாயி ஏறும். ஒரு ஸ்தாயி மட்டும் ஏற வேண்டுமென்றால் 100 சென்ரிமீற்றரை 70.7 ஆக வெட்டுங்கள். எப்போதும் அரை சென்ரிமீற்றர் கூட விட்டு வெட்டி, பிறகு அராவி இறக்குங்கள். வெட்டினதைத் திரும்ப ஒட்ட முடியாது.

ஆபத்துகள் மூன்று. எண்ணெய் இருந்த மூடிய பரலை ஒருநாளும் கிரைண்டராலோ காஸாலோ வெட்டாதீர்கள். உள்ளே மிஞ்சிய ஆவி போதும், வெடிக்கும். கிருமிநாசினி, வயல் மருந்து இருந்த பரல் கழுவினாலும் வேண்டாம். மூன்றாவது துரு: கையுறை, கண்ணாடி, ஏற்பு ஊசி. ஏற்பு ஊசி எப்போது போட்டீர்கள் என்று நினைவில்லையென்றால் ஆஸ்பத்திரியில் கேட்டுப் போட்டுவிட்டு வந்து அடியுங்கள்.

6. இரும்பில மைக் வச்சா தண்ணி மாதிரி மெல்லிசாக் கேக்குதே?

நீங்கள் ஒட்டியது அநேகமாக 27 மில்லிமீற்றர் பீசோ தட்டு (இரும்பின் அதிர்வை நேரே பிடிக்கும் வட்டத் தட்டு), குத்தியது மிக்ஸரின் லைன் இன்புட். அதுதான் காரணம். அந்தத் தட்டின் கொள்ளளவு ஏறக்குறைய 20 நனோஃபரட். 10 கிலோஓம் லைன் இன்புட்டில் அது 800 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதையெல்லாம் தின்றுவிடும். அதே தட்டை இன்டர்பேஸில் 'இன்ஸ்ட்' என்று எழுதிய கிற்றார் இன்புட்டில் குத்துங்கள். அங்கே 1 மெகாஓம், வெட்டு 8 ஹேர்ட்ஸுக்கு இறங்கிவிடும், கனம் அப்படியே வரும். கேபிள் ஷீல்ட் உள்ளதாக, 2 மீற்றருக்குள் இருக்கட்டும். தட்டை அரல்டைட்டால் ஒட்டுங்கள். இரட்டைப் பக்க ஸ்பொஞ்ச் ரேப் மேல் சத்தத்தைக் குடித்துவிடும்.

பதியும்போது உச்சம் கழித்தல் 12 டெசிபலைத் தாண்ட விடாதீர்கள். ஒவ்வொரு இரும்பிலும் மெல்ல, நடு, பலமாக, உயிர் போக என்று நாலு பலத்தில், ஒவ்வொன்றிலும் மூன்று அடி. ஒரே அடியைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் காது உடனே கண்டுபிடிக்கும். பிறகு 5 அல்லது 7 அரைச்சுருதி கீழே இறக்கி, 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, அடியில் 55 ஹேர்ட்ஸ் பக்கம் ஒரு சுத்தமான கிக்கை வையுங்கள். இரண்டின் தொடக்கமும் ஒரே இடத்தில் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். சில மில்லிசெக்கன் தள்ளி நின்றாலே கிக் காணாமல் போகும்.

7. தமிழ்ல பாடினா கிற்றாருக்குள்ள வரி விளங்குதே இல்ல. இங்கிலீசிலதான் பாடணுமா?

ஜேர்மனியின் ராம்ஸ்டைன் குழு 1994 முதல் ஜேர்மன் மொழியில் பாடித்தான் உலகம் முழுக்க மைதானங்களை நிரப்புகிறது. பிரச்சினை மொழியில் இல்லை, மிக்ஸில். குரலுக்கு டிஸ்டோர்ஷனை நேரே போட்டால் ல, ள, ழ எல்லாம் ஒன்றாகிவிடும். குரலை இரண்டு ட்ரக்காகப் பிரியுங்கள்: ஒன்று சுத்தம், ஒன்று அழுக்கு. சுத்தத்தை முன்னால் வைத்து, அழுக்கைப் பாதிக்குக் கீழே ஏற்றுங்கள். இரண்டிலும் 120 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. கிற்றாரில் 2 முதல் 4 கிலோஹேர்ட்ஸ் வரை 3 டெசிபல் குறையுங்கள். சொல் விளங்குகிற இடம் அதுதான்.

வரியையும் பாருங்கள். நிமிடத்துக்கு 110 அடி வேகத்தில் நாலடிச் சுற்று ஒன்று 2.2 செக்கன், அதற்குள் எட்டு அசைக்குமேல் திணித்தால் எந்த மிக்ஸும் காப்பாற்றாது. சினிமாப் பாட்டின் நீள வரியை இதில் போடுகிறவர்கள் இங்கேதான் மூச்சு முட்டுகிறார்கள்.

8. கடக்கரைல வீடு. தந்தி ரெண்டு கிழமைல கறுக்குது, வொல்யூம் திருப்பினா கரகரக்குது.

உப்புக் காற்று. வாசித்து முடிந்ததும் தந்தியின் அடிப்பக்கமும் சேர்த்து உலர்ந்த துணியால் துடையுங்கள். பூச்சுப் போட்ட தந்தி விலை கூட, ஆனால் பல மடங்கு நாள் தாங்கும். கிற்றாரையும் இன்டர்பேஸையும் சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய பெட்டியில் வையுங்கள். மார்கழி மழைக்காலத்தில் ஜெல்லைக் கிழமைக்கொரு தரம் இளஞ்சூட்டில் காயவைக்க வேண்டும். வொல்யூம் கரகரப்புக்கு எலெக்ட்ரோனிக்ஸ் கடையில் விற்கிற கொன்டக்ட் கிளீனர் இரண்டு துளி, பிறகு இருபது தரம் முன்னும் பின்னும் திருப்பல். துருவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரே அடிக்கவே கூடாது. அன்றைக்குச் சரியாகும், அடுத்த மாதம் தூசி ஒட்டி இன்னும் மோசமாகும். கச்சான் காற்றுக் காலத்தில் பிரச்சினை வேறு: காற்று வறண்டு கிற்றாரின் கழுத்து அசையும், சுருதி நிற்காது.

9. மைக்கில வாய் பட்டா கரண்ட் அடிக்குது. பிளக்கிட எர்த் காலை வெட்டச் சொல்றாங்க, வெட்டலாமா?

வெட்டக் கூடாது. ஒருபோதும். கிற்றாரும் மைக்கும் இரண்டு வேறு இடத்தில் கரண்ட் எடுக்கின்றன, ஒன்றில் எர்த் சரியில்லை. உங்கள் உடம்பு இரண்டையும் இணைக்கிறது. எர்த் காலை வெட்டினால் இரைச்சல் நிற்கலாம். அடுத்த தரம் உண்மையான ஒழுக்கு வந்தால் அது போக உங்களைத் தவிர வழி இருக்காது.

மல்டிமீற்றரை ஏசீ வோல்ற்றில் வைத்து, ஒரு முனையை மைக் வலையிலும் மற்றதைக் கிற்றார்த் தந்தியிலும் தொடுங்கள். ஓரிரு வோல்ற் என்றால் பரவாயில்லை. 100 வோல்ற் பக்கம் காட்டினால் அநேகமாக எர்த் இல்லாத லப்டொப் சார்ஜர். கழற்றிப் பற்றரியில் ஓட்டிப் பாருங்கள். 230க்குக் கிட்டப் போனால் எல்லாவற்றையும் நிறுத்தி வயரிங்காரரைக் கூப்பிடுங்கள், அந்த மண்டபத்தில் அன்றைக்கு வாசிப்பில்லை. வழமையான தீர்வு: மேடைச் சாமான் முழுவதும் ஒரே இடத்திலிருந்து, 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஊடாக. லைட்டுக்கு வேறு லைன். 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் மிச்சமிருந்தால் டீஐ பொக்ஸின் கிரவுண்ட் லிஃப்ட் பட்டனை அழுத்துங்கள். அது சத்தக் கேபிளின் ஷீல்டைத்தான் பிரிக்கிறது, உயிர்காக்கும் எர்த்தை அல்ல.

10. கரண்ட் போற ஊர். ஜெனரேற்றர் எத்தின கேவீஏ எடுக்கிற?

எல்லாச் சாமானின் வொற்றையும் கூட்டி ஒன்றரையால் பெருக்குங்கள். 5 கேவீஏ என்று எழுதியிருந்தால் உண்மையில் 4 கிலோவொற், அதிலும் முக்கால் பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள். ஒரு 13 அம்பியர் பிளக்கில் 3000 வொற்றுக்குக் கிட்டத்தான் போகும். கேபிள் 2.5 சதுர மில்லிமீற்றர். சுருளில் சுற்றியபடி பாவித்தால் சூடேறி உருகும், முழுக்க விரித்துப் போடுங்கள்.

வெறுமையாக ஸ்டார்ட் பண்ணி இரண்டு மூன்று நிமிடம் விட்டு, 220 முதல் 240 வோல்ற்றுக்குள் நிற்கிறதா என்று பார்த்த பிறகே சாமானைக் குத்துங்கள். பவர் அம்ப் கடைசியாகப் போட வேண்டும், முதலாவதாக நிறுத்த வேண்டும். இந்த இசையில் கிக் விழும்போதெல்லாம் பாரம் ஏறி இறங்கும். சின்ன ஜெனரேற்றர் அதோடு சேர்ந்து மூச்சுவாங்கும், லைட் தாளத்துக்கு மங்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், லப்டொப் சார்ஜருக்கு நல்லதல்ல. லப்டொப்புக்கும் இன்டர்பேஸுக்கும் ஒரு சின்ன யூபீஎஸ் வையுங்கள்.

11. எங்க பழகுற? வாப்பாவும் ஏசுறார், பக்கத்து வீட்டாரும் ஏசுறாங்க.

அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு; இரும்பு அடி சுவரை மதிக்காது. வீட்டில் இன்டர்பேஸும் ஹெட்போனும், இரும்பை வெளியே ஒரு நாள் மொத்தமாகப் பதிந்து சாம்பிளாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் சேர்ந்து பழகுவதற்கு ஓய்ந்திருக்கிற அரிசி ஆலை நல்ல இடம். பெரும்போக, சிறுபோக அறுவடைக் காலங்களில் அது கிடைக்காது. தவிட்டுத் தூசி லப்டொப் விசிறிக்குள் போகும். தரையில் வைக்காமல் மேசையில் வைத்து, முடிந்ததும் ஊதிவிடுங்கள். பாங்கு, கோயில் பூசை, தேவாலய ஆராதனை நேரங்களை ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டி அந்த நேரம் நிறுத்துங்கள். இதைச் செய்கிற குழுவின் மேல் ஊர் சீக்கிரம் முறைப்பாடு கொடுக்காது.

வெளியில் ஒலிபெருக்கி போடப் பொலிஸ் அனுமதி வேண்டும். இட உரிமையாளரின் கடிதத்தோடு நேரத்தோடே போங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்தி உச்ச நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்திருக்கிறது. 9.30க்கு முடிகிற மாதிரி நிகழ்ச்சியைப் போடுங்கள்.

காது: 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கும், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம். மூடிய அறையில் பிரேக் ட்ரம் அடித்தால் அதைத் தாண்டும். காதடைப்பான் மிக மலிவான சாமான். போன செவிப்புலன் திரும்பாது.

12. கூத்து மத்தளம், சல்லரி எல்லாம் இதில சேக்கலாமா? பெரியாக்கள் கோவிப்பாங்களா?

சல்லரி (உலோகத் தாளம்) பிறவியிலேயே இந்த இசைக்கு உரிய ஓசை. மத்தளத்துக்கு இரு பக்கமும் மைக் வையுங்கள். அடிச்சத்தம் மெலிந்தால் ஒரு மைக்கின் ஃபேஸை (சத்த அலையின் ஏற்ற இறக்கத் திசையை) மிக்ஸரில் திருப்புங்கள். பலர் தவறுகிற இடம் தாளம். வடமோடி, தென்மோடி என்ற இரண்டு கூத்து வகையிலும் கூத்தை நடத்தும் அண்ணாவியார் ஆட்டக்காரரின் காலைப் பார்த்து வேகத்தை ஏற்றி இறக்குவார். அவரைக் கிளிக்குக்குள் அடைத்தால் உயிர் போய்விடும். முதலில் அவர் வாசித்ததைப் பதிந்து, அதன் வேகத்துக்கு ஏற்ப சொஃப்ட்வெயரில் ரெம்போ வரையுங்கள். இயந்திரம் அவருக்குப் பின்னால் போகட்டும்.

அனுமதியும் கூலியும் முன்கூட்டியே. என்ன பாட்டில், எப்படி வரும் என்று போட்டுக் காட்டுங்கள். அம்மன் சடங்கில் பாவிக்கிற உடுக்கையும் சடங்குப் பாட்டையும் தொடாதீர்கள். கேட்டாலும் தரமாட்டார்கள், கேட்பதே பிழை. ஆள் தேடுகிறவர்கள் கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகப் பக்கம் விசாரிக்கலாம்.

13. வெளிநாட்டு பான்ட் எல்லாம் சைரன், துவக்குச் சத்தம், ஆமி உடுப்பு எண்டு போடுறாங்க. நாங்களும் போட்டா என்ன?

வேண்டாம். லைபாக் சீருடை போட்டு அதிகாரத்தைக் கிண்டல் செய்தது; 1983இல் அவர்களுடைய பெயரையே லுப்லியானாவில் தடை செய்தார்கள். அது அவர்களுடைய ஊர், அவர்களுடைய கணக்கு. நம் ஊரில் 2009 வரை யுத்தம், 2004இல் கடல், 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்புத் தேவாலயத்துக்குள் குண்டு. மண்டபத்தின் பின் வரிசையில் யார் இருக்கிறார்கள், அந்தச் சத்தம் அவர்களுக்கு என்ன என்று மேடையிலிருந்து தெரியாது. படை உடையை ஒத்த உடுப்பு சட்டச் சிக்கலும்கூட.

பதிலுக்கு என்ன? வயலில் தண்ணீர் இறைக்கிற மோட்டர், தோணி எஞ்சின், நெல் சல்லடை, 2ஆம் கேள்வியில் சொன்ன தறி. பயமுறுத்தாமலே கனமாக இருக்கும்.

14. ராம்ஸ்டைன் மாதிரி மேடைல நெருப்பு?

இல்லை. 1996இல் பெர்லினில் அவர்களுடைய மேடை அலங்காரமே எரிந்து விழுந்தது. அதன் பிறகுதான் பாடகர் முறைப்படி பயின்று நெருப்பு வேலைக்கு உரிமம் எடுத்தார். கிடுகுப் பந்தலும் ஒரே ஒரு வாசலும் உள்ள இடத்தில் மத்தாப்புக்கூட வேண்டாம்.

15. இவ்வளவு பேர் எடுத்த பான்ட் எல்லாம் ஏன் கஷ்டப்பட்ட? காசு வந்திரிக்கும்தானே?

இசை விற்றது. ஒப்பந்தக் கடதாசி அவர்களை அடித்தது. நைன் இஞ்ச் நெய்ல்ஸின் 1989 அல்பம் பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது, ஆனால் அதை வெளியிட்ட டீவீடீ (TVT) என்ற லேபிளோடு ஒத்துவரவில்லை. ஒப்பந்தம் விடவில்லை. அடுத்த பதிவை ரெஸ்னர் வேறு பெயர்களில் ஸ்ரூடியோ எடுத்து இரகசியமாகச் செய்தார். 1992இல் இன்டர்ஸ்கோப் என்ற இன்னொரு லேபிள் இடையில் வந்தபிறகே அது வெளியே வந்தது. 1994 அல்பம் அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடத்தில் நுழைந்தது. 1999இன் இரட்டை அல்பம் முதலாம் இடத்தில் நுழைந்து அடுத்த கிழமையே 16க்கு விழுந்தது. அதற்குள் முகாமையாளரோடு பணத் தகராறு. பழைய ஒப்பந்தம் செலவு போக மிச்சத்தில் அல்ல, மொத்த வருமானத்தில் 20 வீதம் என்று இருந்தது. வழக்கில் 2005இல் ரெஸ்னர் வென்றார், தொகை 30 இலட்சம் டொலருக்குக் கிட்ட. இந்த வித்தியாசத்தைக் கணக்கில் பாருங்கள்: ஒரு இலட்சம் ரூபா வந்து 80,000 செலவானால், மிச்சத்தில் 20 வீதம் 4,000, மொத்தத்தில் 20 வீதம் 20,000. உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது.

மறுபக்கமும் இருக்கிறது. இந்த இசையை அமெரிக்காவில் வளர்த்த சிகாகோவின் வொக்ஸ் ட்ரக்ஸ் லேபிள் பெரும்பாலும் கைகுலுக்கல் ஒப்பந்தத்தில்தான் நடந்தது. எல்லோருக்கும் பிடித்த இடம். 1990களின் தொடக்கத்தில் வங்குரோத்தாகி, ரெஸ்னர் சண்டை பிடித்த அதே டீவீடீ லேபிளின் கைக்குப் போனது. கெட்ட கடதாசியும் ஆபத்து, கடதாசியே இல்லாததும் ஆபத்து.

தப்பிய வழிகளும் உண்டு. நொய்பவுட்டன் 2002 முதல் இரசிகர்களிடம் முன்கூட்டியே காசு சேர்த்துப் பதிவு செய்தது. ரெஸ்னர் 2008இல் லேபிள் இல்லாமல் 36 இசைத்துண்டுகளை வெளியிட்டார்: முதல் ஒன்பது இலவசம், முழுவதும் 5 டொலர், 300 டொலர்ப் பெட்டி 2500. பெட்டிகள் எல்லாம் தீர்ந்தன. முதல் கிழமையில் 16 இலட்சம் டொலர் வந்தது. பெயர் எடுத்தபின் செய்தது என்பதை மறக்க வேண்டாம். இங்கிருந்து இணையத்தில் விற்க நினைக்கிறவர்கள், அந்தத் தளம் பணம் அனுப்பும் வழி இலங்கை வங்கிக் கணக்குக்கு இயங்குகிறதா என்று பாட்டை ஏற்ற முதல் பாருங்கள்.

16. போதை எடுத்தாத்தான் இப்படி மியூசிக் வரும் எண்டு ஒராள் சொன்னான்.

பொய். வன்கூவரின் ஸ்கின்னி பப்பி குழு 1995இல் உடைந்தது; அதே வருடம் அதன் உறுப்பினர் டுவெய்ன் கெட்டல் ஹெரோயினால் இறந்தார். ரெஸ்னர் 2000இல் லண்டனில் அளவு மிஞ்சி மயங்கி விழுந்தார். 2001இல் விட்டார். ஒஸ்கார் இரண்டும் விட்ட பிறகு வாங்கியவை. மினிஸ்ட்ரியின் அல் ஜோர்கென்சன் பல வருடங்களை ஹெரோயினில் தொலைத்தார். அப்படிச் சொன்ன ஆளோடு பழகுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள்; பெரும்பாலும் அவனிடம் விற்கச் சாமான் இருக்கும்.

17. சினிமா வசனம், செய்தி வாசிக்கிற சத்தம் எல்லாம் வெட்டிப் போடலாமா? ரெண்டு செக்கன்தானே?

இரண்டு செக்கன் என்றால் பரவாயில்லை என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. கே.எம்.எஃப்.டி.எம். என்ற ஜேர்மன் குழுவின் 1990 அல்பம் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃபின் இசைத்துண்டு ஒன்றை அனுமதியில்லாமல் பாவித்ததற்காக 1993இல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. நம் நாட்டிலும் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது, யூடியூபின் தானியங்கிச் சோதனை அதற்கு முந்தி உங்களைப் பிடிக்கும். வசனம் வேண்டுமென்றால் எழுதிக் கூட்டாளியைப் பேச வையுங்கள், போனில் பதிந்து 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரை மட்டும் விட்டால் பழைய றேடியோ போலவே இருக்கும்.

18. நாங்க நாலு பேரும் சின்னண்ணிலருந்து கூட்டாளிமார். எங்களுக்கும் ஒப்பந்தம் வேணுமா? குழு உடைஞ்சா பேர் ஆருக்கு?

கூட்டாளிமார் என்பதால்தான் வேண்டும். முகத்துக்குக் கேட்க வெட்கமானதைத் தாள் கேட்கும். த்ரொபிங் கிறிசில் 1981இல் கலைந்து 2004இல் திரும்பச் சேர்ந்தது. 2010இல் சுற்றுப்பயணத்தின் நடுவில் ஒருவர் விலக, மிச்ச மூவரும் பெயரைச் சுருக்கி எக்ஸ்-டீஜீ என்று தொடர வேண்டி வந்தது. கே.எம்.எஃப்.டி.எம். 1999இல் கலைந்தபோது சிலர் எழுத்துகளைத் திருப்பிப் போட்டு எம்.டி.எஃப்.எம்.கே. என்று வந்தார்கள்.

ஒரு பக்கம் போதும். பாட்டின் பங்கு எத்தனை வீதம் யாருக்கு, இயந்திரத் தாளத்தைச் செய்தவருக்கும் அதில் பங்கா (உண்டு என்றே எழுதுங்கள், இந்த இசையில் அதுதான் பாதிப் பாட்டு). எந்தச் சாமான் யாருடையது, பொதுக் காசில் வாங்கியதை விலகுகிறவர் எப்படிப் பிரிப்பது. பெயர் எத்தனை பேர் இருக்கும்வரை செல்லும். யூடியூப், மின்னஞ்சல் கடவுச்சொற்கள் எந்த இருவரிடம். முகாமையாளர் வந்தால் அவர் பங்கு செலவு போக மிச்சத்தில்தான் என்று ஒரு வரி. ஏன் என்று 15ஆம் பதிலில் இருக்கிறது. நாலு பேரும் கையெழுத்து, திகதி, ஆளுக்கொரு பிரதி. சாம்பிள் ஃபைல்களையும் இரண்டு ஹார்ட் டிஸ்கில், இரண்டு வீட்டில் வையுங்கள். வெளிநாடு போகிறவன் லப்டொப்பையும் கொண்டுதான் போவான்.